உப்பு ஏறிய கோயில் ஏரி: மீன் எப்போது விடலாம்?

டெடயே தம்பி · 2024 மே 30

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டுப் போகிற ஆள், இன்றுதான் முதல் தடவை எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் பர்மாவில், ஐராவதி டெல்டாவில், டெடயே பக்கம், ஆற்றுக் கிளை ஒன்றின் ஓரம். அம்மன் கோயிலுக்குப் பின்னால் எட்டு ஏக்கருக்கு ஒரு ஏரி. குடிக்கிற தண்ணீருக்கு வேலி போட்ட சின்னக் கான் (குளம்) தனியாக இருக்கிறது, அது தப்பித்தது. குளிப்பது, மாடு கழுவுவது, மீன் பிடிப்பது எல்லாம் ஏரியில்தான். தமிழர், பர்மியர், கரீன் மூன்று பேருக்கும் பொது.

காசோன் மாதப் பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள் ஓதம் வழக்கத்தைவிட ஏறியது. கடலில் காற்றும் கிளம்பியிருந்த நேரம். மதகுக்குப் பக்கத்தில் கரை பதினைந்து அடிக்குப் பிய்த்துக்கொண்டு போனது. அடைக்க மூன்று நாள் ஆயிற்று. இந்த மாதத்தில் ஆற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வாயில் வைக்க முடியாது. நான்காம் நாள் காலையில் ரோகு மிதந்தது. சாயங்காலம் கெளுத்தியும். நேற்று வரை தள்ளுவண்டியில் அள்ளிப் புதைத்தோம்.

இப்போது ஊரில் இரண்டு கட்சி. ஒன்று, பம்பு வைத்து மொத்தத்தையும் இறைத்து, சேற்றை வெட்டி எடுத்து, ஆடித் தீமிதிக்கு முன் ரோகுக் குஞ்சு விட வேண்டும் என்கிறது. அப்பா அந்தக் கட்சி. இன்னொன்று, சும்மா விடு, மழை பார்த்துக்கொள்ளும் என்கிறது.

எனக்குப் பயம் என்னவென்றால், 2008 நர்கீஸ் புயலுக்கு அப்புறம் இதே ஏரியில் முதல் கட்சி சொன்னபடிதான் செய்தார்கள். இறைத்தார்கள், வெட்டினார்கள், குஞ்சு விட்டார்கள். நல்ல மழை ஒன்று பெய்த ஒரு வாரத்தில் எல்லாம் செத்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்ததாம், அதில் எப்படிச் செத்தது என்று இன்றைக்கும் டீக்கடையில் பேசுவார்கள். எனக்கு அப்போது எட்டு வயசு.

என்ன செய்யலாம்?

துவாண்டே மீன்பண்ணை · மே 30

தம்பி, உங்கள் அப்பா சொல்வதுதான் முறை. முழுசாக இறைக்கணும். தரை வெடிக்கிற வரை இரண்டு வாரம் காயவிடணும், சுண்ணாம்பு அடிக்கணும், மழைத் தண்ணீர் பிடிக்கணும், கொஞ்சம் சாணம் போட்டுத் தண்ணீர் பச்சை கட்டியதும் குஞ்சு விடணும். பண்ணைக் குளத்துக்கு இதுதான் பாடம். பர்மாவில் வளர்ப்பு மீனில் பத்துக்கு ஏழு ரோகுதான், சும்மாவா? பொடிக் குஞ்சு வாங்காதீர்கள், நாலு அங்குலக் குஞ்சாக வாங்குங்கள். எங்களிடமே இருக்கிறது, கோயில் என்றால் விலை பார்த்துப் போடுவோம்.

பர்மா காலனி பேரன் · மே 31

என் தாத்தா 1964ல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். டெடயே என்ற பெயரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது!! ஜிலேபி மீன் உப்பைத் தாங்கும் என்று படித்தேன். உடனே ஜிலேபி விட்டால் என்ன? நண்பர்களிடம் சொல்லிப் பணம் திரட்ட நான் தயார்.

சவுக்தான் மாமா · மே 31

பம்பைத் தொடாதே. ஜிலேபியை நினைக்கவே நினைக்காதே. காலனித் தம்பி, நல்ல மனசு, ஆனால் வாயில் முட்டையை அடைகாக்கிற மீன் அது. ஒரு ஜோடி போனால் இரண்டு வருஷத்தில் ஏரி நிறைய உள்ளங்கை அளவு ஜிலேபி, வேறு எதற்கும் இடம் இருக்காது.

டெடயே தம்பி, முதலில் ஒரு கேள்வி. உப்பு எங்கே இருக்கிறது?

டெடயே தம்பி · மே 31

ஏரியில்தான் மாமா... புரியவில்லை.

சவுக்தான் மாமா · மே 31

ஏரியில் எந்த உயரத்தில்? உப்புத் தண்ணீர் கனம். மேலே மழை விழுந்தால் இரண்டும் உடனே கலக்காது, நல்ல தண்ணீர் மேலே பாய் விரித்த மாதிரி படுத்திருக்கும். மேலே ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு உப்பு போய்விட்டது என்று குஞ்சு விட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

ஒரு கண்ணாடிப் பாட்டில் எடு. கழுத்தில் கயிறு, அடியில் கல். தக்கைக்குத் தனியாக ஒரு நூல். நடு ஏரியில் சம்பான் படகை நிறுத்தி, பாட்டில் தரை தொட்டதும் நூலைச் சுண்டித் தக்கையைப் பிடுங்கு. குமிழி வருவது நின்றதும் தூக்கு. ரங்கூன் கடைகளில் பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் விற்கிறார்கள், தண்ணீரில் கரைந்த உப்பைப் பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு என்று காட்டும், அதை வாங்கி மேல் தண்ணீர், நடுத் தண்ணீர், அடித் தண்ணீர் மூன்றையும் பார்த்து எழுது. அதற்கு அப்புறம் பேசலாம்.

டெடயே தம்பி · ஜூன் 6

மன்னிக்கவும், நெட் இல்லை. மீட்டர் கிடைத்தது. நான்கு நாளாக மழையும் பிடித்துக்கொண்டது.

மேலே 1,400. நாலடி ஆழத்தில் 3,100. அடியில் மீட்டர் எண்ணே காட்டவில்லை, கோடு கோடாக வந்தது. 9,990 வரைதான் அது காட்டுமாம். அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் நாக்கில் வைத்தேன். கடல்தான். அழுகின முட்டை நாற்றம் வேறு.

பாட்டில் வேலை செய்ததில் ஊர்ப் பையன்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஆளுக்கொரு பாட்டில் செய்து கொண்டு அலைகிறார்கள்.

நாகை 04 · ஜூன் 6

நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். 2004 டிசம்பர் 26ல் எங்கள் குளம், வயல் எல்லாம் கடல் ஏறியது. அனுபவத்தில் சொல்கிறேன்: கடல் கொண்டுவந்து போட்ட சேற்றை வழித்து எடுக்காமல் குளம் தேறாது. அதில்தான் உப்பு குடியிருக்கும். வயலில் ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடித்தோம், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம். அடுத்த வருஷம் 2005ல் பேய் மழை பெய்தது, பாதி உப்பை அதுவே அடித்துக்கொண்டு போனது. ஆனால் சேறு எடுத்தது எடுத்ததுதான். வெட்டுங்கள்.

துவாண்டே மீன்பண்ணை · ஜூன் 6

அதைத்தான் நானும் சொன்னேன்.

பெகு டீச்சர் · ஜூன் 7

எனக்கு அந்தக் கண்ணாடித் தண்ணீர்தான் உறுத்துகிறது. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி, மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். அடிச் சேறு நீலக் கறுப்பாக இருக்கிறதா? 2008ல் வெட்டிய சேற்றை எங்கே கொட்டினார்கள், அங்கே இப்போது என்ன முளைத்திருக்கிறது? அந்தச் சேறு காய்ந்த இடத்தில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் திட்டு உண்டா?

டெடயே தம்பி · ஜூன் 8

டீச்சர், நீங்கள் நேரில் பார்த்த மாதிரி கேட்கிறீர்கள். சேறு நீலக் கறுப்பு. 2008 சேற்றைக் கிழக்குக் கரைமேல் கொட்டினார்கள். அங்கே இன்றுவரை கோரையைத் தவிர எதுவும் வரவில்லை. வாழை வைத்தார்கள், கருகிவிட்டது. சுரண்டிப் பார்த்தேன், உள்ளே மஞ்சள் பொட்டுப் பொட்டாக. மழைத் தண்ணீர் வழிந்த தடம் துரு நிறம்.

பெகு டீச்சர் · ஜூன் 8

சரி, இப்போது ஒரு சமையலறைச் சோதனை. அந்தக் கரை மண்ணில் ஒரு பிடி எடுத்து மழைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய விடுங்கள். கோயில் செம்பருத்தியில் நாலு பூவை வெந்நீரில் ஊற வைத்தால் கருஞ்சிவப்பாய்ச் சாறு இறங்கும். மூன்று தம்ளர்: ஒன்றில் வெறும் மழைத் தண்ணீர், ஒன்றில் வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீர், ஒன்றில் மண் தெளிவு. மூன்றிலும் ஒரே அளவு சாறு விடுங்கள். சுண்ணாம்பு பச்சையாகும். மண் தம்ளர் என்ன ஆகிறது என்று சொல்லுங்கள்.

டெடயே தம்பி · ஜூன் 8

ரோஸ்மில்க் மாதிரி ஆகிவிட்டது. அம்மா பயந்துபோய்த் தம்ளரைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

பெகு டீச்சர் · ஜூன் 9

அமிலம். உங்கள் ஊர் டீக்கடைப் புதிருக்கு விடை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

டெல்டாவில் பல இடம் ஒரு காலத்தில் கண்டல் காடு. அந்தச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு தாது, பைரைட், பொடிப்பொடியாக இருக்கும். தண்ணீருக்கு அடியில் காற்றுப் படாமல் கிடக்கிற வரை அது பரம சாது. வெட்டி வெயிலில் போட்டால் காற்றோடு சேர்ந்து கந்தக அமிலமாகிவிடும். அடுத்த மழை அதைக் கழுவி ஏரியில் இறக்கும். அமிலத்தோடு மண்ணிலுள்ள அலுமினியமும் கரைந்து வரும். அது தண்ணீரில் மிதக்கிற களிமண்ணைத் திரட்டி அடியில் தள்ளிவிடும், தண்ணீர் கண்ணாடி ஆகிவிடும். மீனின் செவுளுக்கு அந்த அலுமினியமே விஷம். பார்க்கிறவனுக்கு அழகான தண்ணீர்!

நாகை அண்ணன் சொன்னது அவர் மண்ணுக்குச் சரி. இந்த மண் வேறு. 2008ல் இறைத்ததைவிட, வெட்டிக் காயவிட்டதுதான் வினை என்று நினைக்கிறேன்.

துவாண்டே மீன்பண்ணை · ஜூன் 9

டீச்சரிடம் வாதாட எனக்குப் படிப்பில்லை. ஆனால் சில பண்ணையில் முதல் வருஷம் இப்படி ஆகும் என்பது எங்களுக்கும் தெரியும். அதற்குத்தானே சுண்ணாம்பு. மூட்டை மூட்டையாகப் போட்டு, இரண்டு மூன்று தடவை தண்ணீர் பிடித்து வடித்தால் அடங்கிவிடும்.

பெகு டீச்சர் · ஜூன் 9

அடங்கும். பண்ணைக்கு முதல் இருக்கிறது, எட்டு ஏக்கர் கோயில் ஏரிக்கு யார் போடுவது? அப்புறம் ஒரு எச்சரிக்கை: வெற்றிலைச் சுண்ணாம்பு வகையை மீன் இருக்கும் தண்ணீரில் கொட்டினால் காரம் ஒரே தாவாக ஏறி அதுவும் கொல்லும். வயலுக்குப் போடுகிற சுண்ணாம்புக்கல் பொடிதான் சாது. அதையும் முதலில் கிழக்குக் கரைமேல் போடுங்கள் தம்பி. நோய் அங்கேதான் இருக்கிறது.

சவுக்தான் மாமா · ஜூன் 10

டீச்சருக்கு ஒரு கும்பிடு. பதினாறு வருஷமாக எனக்கும் இது தெரியாது.

கேட்காமலே எழுதுகிறேன். 2008 மே 2, வெள்ளிக்கிழமை ராத்திரி நான் போகலே பக்கம் ஒரு பண்ணையில் மேஸ்திரி. கடல் பன்னிரண்டு அடி எழும்பியது என்று அப்புறம் சொன்னார்கள். இருட்டில் யார் அளந்தது. அரசாங்கக் கணக்கு 84,537 சாவு, 53,836 பேரைக் காணோம். நான் இருந்த ஊரின் கணக்கு எனக்குத் தெரியும், அதை இங்கே எழுத மாட்டேன். மனுஷனும் மாடும் சேர்ந்து கிடந்த தண்ணீரைப் பார்த்தவர்கள் மாதக் கணக்கில் மீனைத் தொடவில்லை. மோஹிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் விற்கிற அம்மா திரும்பக் கடை போட்டபோது கெளுத்தி இல்லாமல் கடலை மாவும் வாழைத்தண்டும் மட்டும் போட்டுக் கொதிக்க வைத்தாள். ஏன் மீன் இல்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மழை முடிவதற்குள் குளங்களைக் காலி செய்து நல்ல தண்ணீர் பிடிக்கணும் என்று எங்கும் பம்பு ஓடியது. குடிக்கிற குளத்துக்கு அது சரிதான், வேறு வழியும் இல்லை. ஆனால் ஏரிகளிலும் அதையே செய்தோம், ஆழமாக இருக்கட்டும் என்று வெட்டினோம், யாரோ இலவசமாகக் கொடுத்த குஞ்சைக் கொட்டினோம். செத்தது. எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கு வேறு காரணம் சொன்னார்கள். அந்தத் தண்ணீரில் இறந்தவர்கள் விடவில்லை என்றார்கள். நானும் நம்பினேன்.

சரி, வேலைக்கு வருவோம். தம்பி, உன் ஏரியில் உப்பு அடியில் படுத்திருக்கிறது. அடியில் இருக்கும்போதே அதை வெளியே இழுக்கணும், தரை காயாமலும் இருக்கணும். மதகுப் பலகையில் மேல் பலகையைத் தொடாதே, அடிப் பலகையை மட்டும் ஒரு சாண் தூக்கு. வற்றம் இறங்கும்போது திற, ஓதம் திரும்புகிற முன் மூடு. ஒரு நிமிஷம் தவறினால் ஆற்றை உள்ளே விட்டுவிடுவாய், கடிகாரத்தோடு ஓர் ஆளை உட்காரவை. நடுப் பள்ளத்துக்கு மட்டும் பம்பு, குழாய் வாய் தரைக்கு ஓரடி மேலே நிற்கணும், சேற்றை உறிஞ்சக் கூடாது. தண்ணீர் இடுப்புக்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிட்டு மழைக்குக் காத்திரு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாத மழை இருக்கிறது. என்ன அவசரம்?

டெடயே தம்பி · ஜூன் 10

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரை ஒன்றும் பேசவில்லை. பம்பு வாடகைக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்கப் போயிருக்கிறார்.

நெறியாளர் · ஜூன் 11

பணம் திரட்டுவது பற்றிய மூன்று பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். ஏரியை மட்டும் பேசுவோம்.

டெடயே தம்பி · ஜூலை 14

ஒரு மாதக் கணக்கு. மேலே 300, நடுவில் 380, அடியில் 1,150. ஒரு தடவை மட்டும் காவல் இருந்தவன் தூங்கி ஓதம் உள்ளே வந்துவிட்டது, ஒரு வாரம் வீண்.

புதுத் தொல்லை: தண்ணீர் டீ மாதிரி கலங்கியே இருக்கிறது. மூன்று வாரமாகத் தெளியவில்லை, கை விட்டால் முழங்கை தெரியவில்லை. பச்சையும் கட்டவில்லை.

நாகை 04 · ஜூலை 14

இது எங்கள் பாடம், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உப்பு போனது, ஆனால் களிமண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நல்ல தண்ணீர் பட்டதும் களி பொடிந்து மிதக்கும், தானாகப் படியாது. ஜிப்சம் போடுங்கள். சுண்ணாம்பு மாதிரி காரம் ஏற்றாது, பயமில்லை. முதலில் ஒரு வாளியில் போட்டுப் பாருங்கள், ராத்திரி வைத்தால் காலையில் தெளிந்திருக்கும். எவ்வளவு போட்டால் வாளி தெளிகிறதோ அதை வைத்து ஏரிக்குக் கணக்குப் போடலாம். வெயில் அடிவரை போனால்தான் பாசியும் நுண்ணுயிரும் வரும், அது வந்தால்தான் மீனுக்குச் சோறு.

டெடயே தம்பி · ஜூலை 29

வாளி ஒரே ராத்திரியில் தெளிந்தது. ஏரிக்கு ஓரமாகத் தூவினோம், பாதி தெளிந்திருக்கிறது. தட்டான் வந்துவிட்டது. தவளைச் சத்தம் தூங்க விடவில்லை. கொசுவும் தாங்கவில்லை, தின்ன மீன் இல்லையே. இப்போதாவது ரோகு விடலாமா?

துவாண்டே மீன்பண்ணை · ஜூலை 29

இப்போது விடலாம். கடல் தண்ணீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு, ரோகுக் குஞ்சுக்கு 5 வந்தாலே சங்கடம். உங்களுடையது ஒன்றுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பையோடு தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டு, சாயங்காலமாகத் திறந்துவிடுங்கள்.

சவுக்தான் மாமா · ஜூலை 30

விடலாம், ஆனால் அதற்கு ஏரியை மீட்டது என்று பெயர் வைக்காதீர்கள். ரோகு ஓடுகிற தண்ணீரில், ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுகிற மீன். குளத்தில் எவ்வளவு கொழுத்தாலும் குஞ்சு பொரிக்காது. அதனால்தானே துவாண்டேக்காரர் ஊசி போட்டுப் பொரிக்க வைத்து விற்கிறார். வருஷா வருஷம் வாங்கி விடணும், ஒரு வருஷம் காசில்லை என்றால் மீனும் இல்லை.

உன் ஏரியில் தானாகப் பிழைத்தவை வேறு. விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை, இன்னும் பெயர் வைக்காத பொடி மீன்கள். பர்மாவில் மீன் பெயர் சொன்னாலே எனக்குச் சிரிப்பு வரும். நம் அரிச்சுவடியில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ங எழுத்துக்கு இங்கேதான் உத்தியோகம்: விராலுக்கு ஙயாங், கெளுத்திக்கு ஙகூ, ரோகுக்கு ஙமிச்சின். எல்லாம் ங.

அந்த ஙயாங்குக்கும் ஙகூவுக்கும் மேல் மூச்சு உண்டு, மேலே வந்து காற்றையும் இழுக்கும். முதல் மழையில் வயல் வயலாக ஏறி வரும். வயல் பக்கத்து வாய்க்கால் திறந்திருக்கிறதா?

டெடயே தம்பி · ஜூலை 30

இல்லை மாமா. ரோகு தப்பிக்கக் கூடாது என்று 2010 வாக்கில் மண் போட்டு அடைத்துவிட்டார்கள்.

சவுக்தான் மாமா · ஜூலை 30

அதைத் திற. முதல் வேலை அதுதான். ஆற்றுப் பக்கம் மதகு, வயல் பக்கம் திறந்த வாய். வரப்போரம் வலை கட்டுகிறவர்களிடம் ஒரு வருஷம் பொறுக்கச் சொல். மழை தொடங்கும் மாதங்கள் முட்டையிடும் காலம், அப்போது பிடிக்கத் தடை உண்டு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் கட்டுகிறார்கள்.

பெகு டீச்சர் · ஜூலை 31

மாமா சொன்னதற்கு எங்கள் ஊர்ப் பக்கத்துச் சாட்சி. மோயுங்ஜி ஏரியை வெள்ளைக்காரன் 1878ல் வெட்டியது பெகு–சிட்டாங் கால்வாய்க்குத் தண்ணீர் தேக்க. 2004ல் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் பர்மாவிலிருந்து முதலாவதாகப் போனதும் அதுதான். மழைக்குக் கடல் மாதிரி விரியும், கோடையில் சுருங்கும். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் பறவை பார்க்கச் சொல்வார்கள், நான் ஓரத்துப் புல்லைக் காட்டுவேன். மழையில் அரை அடித் தண்ணீர் நிற்கிற அந்தப் புல்தான் மீனுக்குப் பிரசவ வார்டு. தம்பி, உங்கள் ஏரிக் கரையோரத்தில் புல்லைச் சுத்தமாகச் செதுக்கிவிடாதீர்கள். கோயில்காரர்களுக்குச் சுத்தம் என்றாலே புல் செதுக்குவதுதான்.

தௌங்ஜீக்காரன் · செப்டம்பர் 22

இழையைத் தாமதமாகப் பார்க்கிறேன். இங்கே யாகி புயல் மழை வெள்ளத்தில் இன்லே ஏரி பொங்கி, கால் ஊன்றி நிற்கிற வீடுகளுக்குள்ளேயே தண்ணீர். இனி மீன் போச்சு என்று எல்லோரும் வெள்ளத்தைத் திட்டுகிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. இன்லேக்கு என்றே பிறந்த மீன்கள் உண்டு, ஙபேன் என்ற கெண்டை மாதிரி. அவை குறைந்தது வெள்ளத்துக்கு வெகு முன்னால். மலை மொட்டையாகி மண் இறங்கியது, மிதக்கும் தக்காளித் தோட்டத்தில் அடிக்கிற மருந்து, ஆகாயத் தாமரை, ஜிலேபி. 2015ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்தது, மீன் அதைப் படிக்கவில்லை. வெள்ளம் வந்ததும் பழி போட ஓர் ஆள் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

டெடயே தம்பி · 2025 பிப்ரவரி 9

நீண்ட இடைவெளி, மன்னிக்கவும். வாய்க்கால் திறந்தாயிற்று. மழைக் கடைசியில் என்பதால் வந்தது கொஞ்சம்தான். பொடி மீன் நிறைய, கெளுத்தி சில, விரால் இரண்டு மூன்று பார்த்தோம். அடித் தண்ணீர் 600.

இப்போது வேறு பிரச்சினை. ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டு, திஞ்சானுக்கு ஊரில் ஜீவதானமாக மீன் விடுவார்கள். இந்தத் தடவை ஏரி சுத்தமாகிவிட்டது, இங்கேயே விடலாம் என்று முடிவு. சந்தையில் உயிரோடு கிடைப்பது ஜிலேபியும் பெரிய கெளுத்தியும்தான். ஆளுக்கு ஒரு வாளி என்றால் நம் ஏழு மாத வேலை போச்சு. புண்ணியம் செய்கிறவர்களிடம் எப்படி வேண்டாம் என்பது?

பர்மா காலனி பேரன் · பிப்ரவரி 9

அந்தப் பெரிய கெளுத்தி ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருந்தால் விடவே கூடாது. இந்தியாவில் 2000த்திலேயே தடை செய்தது. (பார்த்தீர்களா மாமா, நானும் படிக்கிறேன்!)

சவுக்தான் மாமா · பிப்ரவரி 10

தேறிவிட்டாய் பேரா.

தம்பி, வேண்டாம் என்று சொல்லாதே. மீன் விடுதல் முதலில் எதற்கு வந்தது என்று உங்கள் ஊர் சயாடோவிடம், பெரிய பிக்குவிடம், கேள். கோடையில் வற்றுகிற குட்டையில் துடிக்கிற மீனை அள்ளிக்கொண்டுபோய்த் தண்ணீர் உள்ள இடத்தில் விடுவதுதான் பழைய வழக்கம். சந்தையில் வாங்கி விடுவது அப்புறம் வந்த சோம்பேறித்தனம். மார்ச், ஏப்ரலில் வயல் பள்ளங்கள் வற்றும். அதில் விரால், கெளுத்தி, பனையேறி எல்லாம் சேற்றில் நெளியும். வீசைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குவதைவிட அதை அள்ளி ஏரியில் விட்டால் புண்ணியமும் சுத்தம், மீனும் நம் ஊர் மீன். எங்கள் ஊர் ஆற்று நடுவில் இருக்கும் யேலே பயா கோயிலில் மீனுக்குப் பொரி வாங்கிப் போடுகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், மீனுக்கு நல்லது செய்ய ஜனத்துக்கு ஆசை இருக்கிறது. வாளியை எங்கே நீட்டுவது என்று சொல்ல ஆள் வேணும்.

டெடயே தம்பி · ஏப்ரல் 20

மார்ச் 28 நிலநடுக்கத்துக்கு அப்புறம் இந்த வருஷத் திஞ்சான் சத்தமில்லாமல்தான் போனது. மண்டலே பக்கம் சொந்தக்காரர் இல்லாத வீடே இங்கே குறைவு. தௌங்ஜீ அண்ணன் எழுதவே இல்லை, இன்லேயிலும் வீடுகள் சாய்ந்ததாகச் சொன்னார்கள். அண்ணே, பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள்.

ஆட்டம் பாட்டம் இல்லாததால் எல்லோரும் மீன் அள்ளப் போனோம். சயாடோ சொன்ன ஒரே வார்த்தை போதுமாயிருந்தது: செத்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு விற்றுக்கொண்டிருப்பதை ஏன் வாங்குகிறீர்கள் என்றார். நான்கு நாள், பதினொரு பள்ளம். சேற்றுக்குள் கை விட்டால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கெளுத்தி முள் குத்தாதவர் ஊரில் இல்லை, எனக்கு இரண்டு விரல் வீங்கிவிட்டது. பனையேறி வாளியிலிருந்து குதித்துத் தரையில் நடக்கிறது, அதைத் துரத்திக்கொண்டு கோயில் வாசல் வரை போனோம். அம்மாவும் பக்கத்து வீட்டுக் கரீன் பாட்டியும் கையிலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

தௌங்ஜீக்காரன் · ஏப்ரல் 24

இருக்கிறேன் தம்பி. வீடு இல்லை, ஆள் இருக்கிறோம். உங்கள் இழையைத்தான் கூடாரத்தில் உட்கார்ந்து படித்தேன். பனையேறி நடந்ததைப் படித்து என் மகள் சிரித்தாள்.

டெடயே தம்பி · ஜூலை 3

மாமா, அவசரம்! கிழக்குப் பக்கம் புல்லுக்குள் தண்ணீரில் செக்கச்செவேலென்று ஒரு பந்து. தட்டு அகலம் இருக்கும். கொதிக்கிற மாதிரி மேலே வந்து வந்து போகிறது. பையன்கள் கல் எறிந்ததும் கீழே இருந்து பெரிதாக ஏதோ ஒன்று தண்ணீரை அடித்தது. என்ன அது?

சவுக்தான் மாமா · ஜூலை 3

விரால் குஞ்சுடா. குஞ்சாக இருக்கும்போது சிவப்பு, வளர்ந்தால் நிறம் மாறும். மூச்சு விடத்தான் கூட்டமாக மேலே வருகிறது. கீழே அடித்தது தாயோ தகப்பனோ, காவல் நிற்கிறது. கல் எறிகிறவன் காதைத் திருகு. தாயைப் பிடித்தால் குஞ்சு மொத்தமும் ஒரே நாளில் மற்ற மீனுக்கு இரை. ஒரு மாதம் அந்தப் பக்கம் யாரும் தூண்டில் போடக் கூடாது.

பெகு டீச்சர் · ஜூலை 3

கிழக்குப் பக்கமா! அந்தக் கரையிலா? தண்ணீரைச் செம்பருத்தியில் பார்த்தீர்களா?

டெடயே தம்பி · ஜூலை 4

பார்த்தேன் டீச்சர். மழைத் தண்ணீர் தம்ளரும் அதுவும் ஒரே நிறம். கரைமேல் சுண்ணாம்புக்கல் பொடி போட்ட இடத்தில் மட்டும் அருகு வந்திருக்கிறது, மற்ற இடம் இன்னும் மொட்டைதான்.

கல் எறிகிறவர்களை நிறுத்திவிட்டேன். தூண்டிலும் இல்லை. ஆனால் தினமும் காலையில் இருபது வாத்து அந்தப் புல்லுக்குள் இறங்குகிறது. விரட்டினால் மறுபக்கம் போய்த் திரும்ப வருகிறது. இதற்கு என்ன செய்வது?

சவுக்தான் மாமா · ஜூலை 4

வாத்துக்காரனிடம் சொல்லி அடைக்கச் சொல். யாருடைய வாத்து?

டெடயே தம்பி · ஜூலை 4

அப்பாவுடையது.